தோன்றி மறையும் பழுது

மோட்டார் வண்டியில் உண்டாகும் பழுதுகள் இரு வகையின. ஒரு வகைப் பழுது, உண்டானபின் நிலைத்து நிற்கும். சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால் அது இறங்கியபடியே இருக்கும். விளக்கின் இழை அறுந்துவிட்டால் அறுந்தபடியே இருக்கும். அத்தகைய பழுதைக் கண்டறிவது அரிதன்று. மற்றொரு வகை, தோன்றுவதும் மறைவதுமாக நம்மை அலைக்கழிப்பது. நடுவழியில் விளக்கு அணையும். வண்டியைப் பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுசென்று நிறுத்தினால், ஒன்றும் அறியாததுபோல் பளிச்சென்று எரியும். பல்வலியோடு மருத்துவரிடம் சென்றவனுக்கு அவர் வீட்டு வாயிலிலேயே வலி நின்றுவிடுவது போன்றது இது. வண்டியில் இவ்வாறு கண்ணாமூச்சி ஆடும் பழுதுகளுள் மிகப் பல மின்சாரத்தைச் சார்ந்தவை. அவற்றை எவ்வாறு துருவிக் கண்டுபிடிப்பது என்பதை, ஒரு மலைச்சாலையில் தொடங்கிய துன்பத்தின் வாயிலாக நான் கற்றுக்கொண்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலை, ஆழியாறு அணையைக் கடந்தபின் மலைமீது ஏறுகின்றது. அதில் 40 கொண்டையூசி வளைவுகள் உண்டு. 2014ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், ஒரு திருமணத்துக்குச் சென்றுவிட்டு, நானும் என் மனைவியும் மகளும் மைத்துனருடைய வண்டியில் அச்சாலை வழியே கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி சற்றுப் பழையது. பொழுது சாய்ந்துவிட்டது; மழை தூறிக்கொண்டிருந்தது; மூடுபனியும் சூழ்ந்துகொண்டது. ஒரு வளைவில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. உடனே முன்விளக்குகள் இரண்டும் மங்கிச் சிவந்து, அணைந்தே போயின. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. மைத்துனர் வண்டியை மெல்லப் பாறை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். வளைவுக்கு அப்பால் ஒரு பேருந்து வரும் ஓசை கேட்டது. ஒலிப்பானை அழுத்தினார்; அது தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் முனகியது. பின்புறச் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தமையால் பேருந்து ஓட்டுநர் எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தார். சில நிமிடங்களில் முன்விளக்குகள் தாமாகவே எரிந்தன. அப்பேருந்தின் பின்னாலேயே ஊர்ந்து ஆழியாறு வந்து சேர்ந்தோம். என் மகள் அன்று வழி நெடுகப் பேசவேயில்லை.

மறுநாள் வண்டியை ஒரு பணிமனைக்குக் கொண்டுசென்றோம். விளக்குகள் செம்மையாக எரிந்தன. அங்கிருந்தவர், விளக்குச் சுவிட்சு தேய்ந்திருக்கலாம் என்று சொல்லிப் புதியது பொருத்தினார். பத்து நாள் நலமாக ஓடிற்று; பதினோராம் நாள் மழையில் மீண்டும் அணைந்தது. வேறொரு பணிமனையில் ரிலேயை மாற்றினர். பின்னர், பேட்டரியே பழுது என்று ஒருவர் சொன்னார், அதனையும் மாற்றினோம். பணம் கரைந்ததே ஒழியப் பழுது கரையவில்லை. ஒவ்வொரு முறையும் சில நாள் விளக்கு எரிந்தமையால், பழுது நீங்கிவிட்டது என்றே நம்பினோம். மறைந்த பழுதை நீங்கிய பழுதாகக் கருதியதே எங்கள் பிழை.

மைத்துனர் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு முதியவர் இருந்தார். பேருந்துப் பணிமனையில் பல்லாண்டுகள் மின்பணி செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சென்று எங்கள் துன்பத்தைச் சொன்னோம். அவர் வண்டியைப் பார்க்க எழுந்து வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியை விட்டு அசையவில்லை.

"விளக்கு அணைந்தபோது வேறு எவை கெட்டன, தம்பி?" என்று கேட்டார்.

"ஒலிப்பானும் சரியாக ஒலிக்கவில்லை, ஐயா."

"சரி; எவை கெடவில்லை?"

இக்கேள்வியை இதுவரை எவரும் எங்களிடம் கேட்டதில்லை. மைத்துனர் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: எஞ்சின் நிற்கவில்லை, கண்ணாடி துடைப்பான் ஆடிக்கொண்டிருந்தது, உள்விளக்கும் பின்விளக்குகளும் எரிந்தன.

"எப்போதெல்லாம் அணைகிறது?"

அதற்கு எங்களிடம் தெளிவான விடை இல்லை. முதியவர் சிரித்துவிட்டு, "ஒரு குறிப்பேடு வாங்குங்கள். அணையும்போதெல்லாம் நாள், நேரம், மழையா வெயிலா, எஞ்சின் சூடாக இருந்ததா, சாலை எப்படி, என்னென்ன போட்டிருந்தீர்கள் என்பவற்றை எழுதி வையுங்கள். அதுவரை எந்தக் கம்பியையும் தொடாதீர்கள். இரவில் மட்டும் வண்டியை எடுக்க வேண்டா" என்றார்.

கம்பியைத் தொடவேண்டா என்று அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. தளர்ந்த இணைப்பு ஒன்றைக் கை தற்செயலாக அசைத்துவிட்டால், அது சிலநாள் பற்றிக்கொள்ளும்; தடயமும் அழிந்துவிடும். பணிமனைகளில் நடந்தது அதுவே. சுவிட்சை மாற்றியவர் விளக்குகளைச் சோதிக்கும்போது முன்புறக் கம்பிக் கற்றையை நகர்த்தியிருப்பார். பேட்டரியை மாற்றியவர் அதனைத் தள்ளி வைத்திருப்பார். விளக்கு எரிந்தது புதிய பொருளால் அன்று, அந்தத் தொடுதலால்.

மூன்று வாரத்தில் ஏழு குறிப்புகள் சேர்ந்தன. பகலிலும் முன்விளக்கைப் போட்டுப் பார்த்து எழுதினோம். ஏழில் ஆறு மழைநாளில் நிகழ்ந்தவை. ஏழும் மேடுபள்ளமான சாலையில் நிகழ்ந்தவை. எஞ்சினின் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை. அந்த ஒரு தாளைப் பார்த்தே முதியவர், "ஈரமும் அதிர்ச்சியும் சேர்ந்தால் வருகிறது, ஆகவே வெளிப்புறமாக, நீர் தெறிக்கும் இடத்தில் உள்ள இணைப்பு" என்று பாதி வழக்கைத் தீர்த்துவிட்டார். சூடேறிய பின்னரே தோன்றி, ஆறியதும் மறைவதாக இருந்தால், எஞ்சினை ஒட்டிய உணர்கருவியையோ ரிலேயின் உள்ளே வெடித்த பற்றுவைப்பையோ ஐயுற வேண்டும். கதவைத் திறந்து மூடும்போது தோன்றுவதாக இருந்தால், கீல் அருகே ஆயிரமாயிரம் முறை மடங்கி, உறைக்குள்ளேயே இழை அறுந்த கம்பியை ஐயுற வேண்டும்.

மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள, வண்டியில் மின்னோட்டம் செல்லும் வழியை நாம் அறிய வேண்டும். மின்னோட்டம் ஒரு சுற்று. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, பியூஸ், சுவிட்சு, விளக்கு ஆகியவற்றைக் கடந்து, மீண்டும் எதிர்முனைக்கு வந்து சேர்ந்தால்தான் விளக்கு எரியும். செல்லும் வழிக்குக் கம்பி உண்டு. திரும்பும் வழிக்கோ, பெரும்பாலான கார்களில் வண்டியின் இரும்பு உடலையே பயன்படுத்துகின்றனர். விளக்கிலிருந்து வரும் சிறு கம்பியை அருகிலுள்ள இரும்புத் தகட்டில் போல்ட்டு வைத்து முடுக்கிவிடுவர். அதனைத் தொழிலாளர் 'எர்த்' என்பர். பல கருவிகளின் எர்த் கம்பிகளை ஒரே போல்ட்டில் கட்டுவதும் வழக்கம். மக்கள் பழுதைத் தேடும்போது செல்லும் வழியையே பார்க்கின்றனர். திரும்பும் வழியை மறந்துவிடுகின்றனர். ஏற்றத்தில் சால் நீரோடு மேலே வருவதை எல்லோரும் காண்பர். வெறுஞ்சால் கிணற்றுக்குள் திரும்பாவிட்டால் அடுத்த சால் நீர் இல்லை என்பதை எண்ணுவோர் சிலரே.

இப்போது எங்கள் வண்டியை நோக்குவோம். இரு முன்விளக்குகளும் ஒருங்கே அணைந்தன. ஆகவே விளக்குகள் தனித்தனியே கெடவில்லை. இரண்டுக்கும் பொதுவான ஓர் இடமே கெட்டது. ஒலிப்பானும் உடன் கெட்டது. ஒலிப்பானுக்கும் விளக்குச் சுவிட்சுக்கும் தொடர்பே இல்லை. ஆகவே சுவிட்சு குற்றமற்றது. பியூசும் அவற்றுக்கு வெவ்வேறு. எஞ்சினும் துடைப்பானும் பின்விளக்குகளும் கெடவில்லை. ஆகவே பேட்டரியும் குற்றமற்றது. முன்விளக்குகளுக்கும் ஒலிப்பானுக்கும் பொதுவாகவும், மற்றவற்றுக்குப் பொதுவல்லாததாகவும் இருப்பது யாது? முன்புறத்தில் அவை சேரும் எர்த் இணைப்பு ஒன்றே. நாற்காலியில் இருந்தபடியே இதனைச் சொல்லிவிடலாம் என்றால், சுவிட்சுக்கும் ரிலேக்கும் பேட்டரிக்கும் நாங்கள் கொடுத்த பணத்தை நினைத்து மைத்துனர் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை.

எனினும் முதியவர், "இது ஊகந்தான், அளந்து பார்த்தால்தான் உண்மை" என்று சொல்லித் தம்முடைய மல்டிமீட்டரை எங்களிடம் கொடுத்தார். மின்னழுத்தத்தை அளக்கும் இச்சிறு கருவி கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். ஆனால் அதனைப் பயன்படுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. அதனை அறியாதவரை அக்கருவி ஏமாற்றிவிடும்.

நீர் பாயும் வாய்க்காலில் ஓரிடத்தில் செத்தை அடைத்துக்கொண்டு, சிறிது நீரே கசியும்படி விட்டிருக்கிறது என்று கொள்வோம். கடைமடை மூடியிருக்குமானால், கசிந்த நீரே மெல்ல மெல்ல நிறைந்து, அடைப்புக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். பார்ப்பவர், வாய்க்கால் நன்றாக இருக்கிறது என்பார். மடையைத் திறந்து நீரைப் பாயவிட்டால்தான், அடைப்புக்கு அப்பால் மட்டம் சரிந்து குற்றம் வெளிப்படும். மின்கம்பியும் அத்தகையதே. இருபது இழைகளுள் பத்தொன்பது அறுந்து ஒன்றே எஞ்சியிருந்தாலும், விளக்கு அணைந்திருக்கும்போது அளந்தால் மீட்டர் 12 வோல்ட்டை முழுமையாகக் காட்டும். விளக்கை எரியவிட்டு அளந்தால்தான் அக்கம்பியின் ஏழ்மை தெரியும். ஆகவே இணைப்பைச் சோதிப்பவர் மின்னோட்டம் பாயும்போதே சோதிக்க வேண்டும்.

இதன் கணக்கு எளிது. மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால், அத்தடையில் வீணாகும் மின்னழுத்தம் கிடைக்கும். செருமானிய நாட்டில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த ஓம் என்பவர் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கண்ட விதி இது; தடையின் அலகுக்கு அவர் பெயரையே இட்டுள்ளனர். 55 வாட் விளக்குகள் இரண்டுக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர் வேண்டும். வழியில் ஓர் ஓமில் கால்பங்கு தடை இருந்தாலும் போதும், 2 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அங்கேயே வீணாகிவிடும். இழை விளக்கில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் கருதினால், இச்சிறு தடை எத்துணைக் கேடு செய்யும் என்பது விளங்கும். எஞ்சினைத் தொடக்கும் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கு மேலும் இழுப்பது. அதன் வழியில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலும் வண்டி கிளம்ப மறுக்கும்.

நாங்கள் முன்விளக்குகளை எரியவிட்டோம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை விளக்கின் எர்த் கம்பியிலும் வைத்தோம். திரும்பும் வழி முழுவதிலும் வீணாகும் மின்னழுத்தத்தை இது காட்டும். ஒரு வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நலம் என்று முதியவர் சொல்லியிருந்தார். மீட்டர் 0.1 வோல்ட்டையே காட்டியது. எங்கள் முகம் வாடிற்று.

"பழுது உறங்குகிறது, தம்பி. எழுப்பிப் பாருங்கள்" என்றார் முதியவர். அவர் இப்போது நாற்காலியை வண்டியின் அருகே கொண்டுவரச் செய்திருந்தார்.

எழுப்பும் முறையையும் அவரே சொன்னார். மைத்துனர் மீட்டரின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கம்பிக் கற்றையைப் பேட்டரியின் பக்கமிருந்து தொடங்கி, ஒரு சாண் ஒரு சாணாக மெல்ல அசைத்துக்கொண்டே செல்ல வேண்டும். கண்டபடி எல்லாவற்றையும் உலுக்கினால், எங்கே அசைத்தபோது எண் மாறியது என்பது தெரியாமல் போகும். குறிப்பேடு ஈரத்தைச் சுட்டியமையால், இணைப்புகள்மீது சிறிது நீரும் தெளித்தோம். சூட்டால் வரும் பழுதாக இருந்திருப்பின், கூந்தல் உலர்த்தும் கருவியால் ஒவ்வோர் உறுப்பையும் சூடாக்கிப் பார்த்திருப்போம்.

இடப்புற முன்சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டருகே கற்றையை அழுத்தியபோது, "அத்தான், நாலு வோல்ட்!" என்று மைத்துனர் கூவினார். அதே நொடியில் விளக்குகள் மங்கின. கையை எடுத்தேன், பழைய ஒளி வந்தது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் மங்கிற்று. மங்கிய நிலையிலேயே ஒலிப்பானை அழுத்தச் சொன்னார் முதியவர். ஒலிப்பான் முனகியது, விளக்குகளோ இன்னும் மங்கின. ஒரே குறுகிய வழியில் இரண்டு கருவிகளின் மின்னோட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு திரும்பியதே காரணம். ஒன்றை இயக்கினால் அதற்குத் தொடர்பற்ற மற்றொன்று நடுங்குமானால், இரண்டுக்கும் பொதுவான எர்த்தைப் பார்க்க வேண்டும் என்பது இதனாலேயே.

அப்போதும் அவர் கழற்ற விடவில்லை. அந்த 4 வோல்ட் எந்த இடத்தில் வீணாகிறது என்பதைத் துண்டு துண்டாக அளக்கச் சொன்னார். பேட்டரி முனைக்கும் வண்டி உடலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றுமில்லை. வண்டி உடலுக்கும், போல்ட்டின் கீழிருந்த கம்பி வளையத்துக்கும் இடையே அந்த 4 வோல்ட்டும் அப்படியே இருந்தது. இடைவெளி ஒரு விரற்கடைகூட இல்லை.

மைத்துனர் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்தார். நட்டின்மேல் ஸ்பேனரை வைக்க வேண்டிய தேவையே இல்லை. விரலாலேயே அது அரைச்சுற்றுச் சுழன்றது. வளையத்தின் அடியில் சாயத்தின் மேல் செந்துரு படர்ந்திருந்தது. செப்புக் குடத்தில் பச்சைக் களிம்பு ஏறுவதையும், அதனைப் புளியிட்டுத் துலக்குவதையும் நீங்கள் வீட்டில் கண்டிருப்பீர்கள். செம்பின் களிம்பும் இரும்பின் துருவும் மின்னோட்டத்தைச் செம்மையாகக் கடத்தா. வண்டி நிற்கும்போது வளையத்தின் ஒரு மூலை எப்படியோ தூய இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அத்தொடர்பும் நழுவியது. மழைநீர் துருவை ஆண்டுக்காண்டு வளர்த்துவந்தது. உப்புத்தாளால் வளையத்தையும் தகட்டையும் வெள்ளை வெளேரென்று தெரியும்வரை தேய்த்தோம்; புதிய பல்வளையம் ஒன்றை வைத்து நட்டை இறுக முடுக்கினோம்; ஈரம் புகாதிருக்க மேலே வாசலின் தடவினோம். பின்னர்க் கற்றையை எவ்வளவு அசைத்தும், நீர் தெளித்தும், ஒலிப்பானை அழுத்தியும் மீட்டர் 0.05 வோல்ட்டைத் தாண்டவில்லை. முதியவர் அதன்பின்னரே நாற்காலியை உள்ளே எடுத்துச் செல்லச் சொன்னார்.

இதற்கு எதிரான மற்றொரு பழுதும் உண்டு. அஃது இணைப்பு விடுபடுவதனால் அன்றி, சேரக்கூடாத இடத்தில் சேர்வதனால் வருவது. எலி கடித்தோ, தகட்டின் விளிம்பில் உராய்ந்தோ உறை கிழிந்த கம்பி எப்போதேனும் இரும்பைத் தொடும். தொட்டவுடன் பியூஸ் எரியும். புதிய பியூசுகளை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துக்கொண்டிருப்பது வீண். பியூசை நீக்கி, அவ்விடத்தில் 21 வாட் விளக்கு ஒன்றை இணைத்து, அவ்வழியில் உள்ள கருவிகளை நிறுத்திவிட வேண்டும். கம்பி இரும்பைத் தொடும்போது அவ்விளக்கு முழு ஒளியோடு எரியும், விடுபட்டதும் அணையும். விளக்கே தடையாக நிற்பதால் கம்பி சூடேறித் தீப்பற்றாது. பிறகு கற்றையைச் சாண் சாணாக அசைத்து, விளக்கு எரியும் இடத்தைக் கண்டுகொள்ளலாம். பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியையோ சிகரெட்டுத் தாளையோ வைப்போர் உளர். அவர்கள் பழுதை நீக்குவதில்லை; பியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வண்டியை எரிய விடுகின்றனர்.

நீங்கள் இத்தகைய வேலையில் ஈடுபட விரும்பினால், விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையையே முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி வண்டி உடலில் பட்டபோது பெருந்தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வளி வெளிப்படக்கூடும். ஆதலின் அருகே நெருப்பு ஆகாது. காற்றுப்பைகளுக்குச் செல்லும் கம்பிகளைச் சோதனை விளக்கால் தொடுதல் கூடாது; அவை வெடித்து விரியக்கூடும். மின்சாரத்தால் ஓடும் புதிய கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட தடித்த கம்பிகள் உண்டு. அவற்றில் உள்ள மின்னழுத்தம் உயிரைப் போக்க வல்லது. அவை பயிற்சி பெற்றோர்க்கே உரியவை.

அடுத்த தைத் திங்களில் நாங்கள் மீண்டும் வால்பாறைக்குச் சென்றோம். இறங்கும்போது வேண்டுமென்றே பொழுது சாயும் நேரத்தில் புறப்பட்டோம். மகள் முன்னிருக்கைக்கு அருகே குனிந்து, விளக்கொளி பாறையில் படுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். மைத்துனர் வளைவுதோறும் ஒலிப்பானை அழுத்தினார். ஒளி சிறிதும் நடுங்கவில்லை. ஆறேழு வளைவுகள் கடந்தபின் அவள் பார்ப்பதை விட்டுவிட்டு, மணமகள் வீட்டார் தந்த முறுக்கைத் தின்னத் தொடங்கினாள். ஆழியாற்றில் தேநீர் அருந்த நின்றபோது மைத்துனர் குறிப்பேட்டை எடுத்து, எட்டாம் எண்ணிட்டு, நாளும் நேரமும் எழுதி, எதிரே 'இல்லை' என்று எழுதினார்.